பனங்கட்டியும் சீனிதான்

“சலரோகக்காரருக்குச் சீனிதான் கூடாது, பனங்கட்டி ஒண்டும் செய்யாது” என்று ஆடிப்பிறப்பன்று கூழ் வார்த்தபடி அம்மம்மா சொல்வார். சொல்லிவிட்டுத் தனக்கும் இன்னொரு பலா இலை மடித்துக்கொள்வார். பனங்கட்டியில் சீனியில் இல்லாத தாதுக்கள் கொஞ்சம் உண்டு, வாசமும் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்குரோசுதான். குடலுக்குப் போனதும் இரண்டுமே குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடையும். எது பனையிலிருந்து வந்தது என்று குடலுக்குத் தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு. நலமான ஒருவரின் உடலில் சுமார் 5 லீற்றர் இரத்தம் ஓடுகிறது. வெறும் வயிற்றில் அதில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் மொத்தமே 5 கிராம் அளவுதான், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. ஒரு கோப்பைச் சோற்றிலோ 45 கிராம் மாச்சத்து. அது குளுக்கோசாகி வர வர, உடலின் கலங்களுக்குள் அனுப்பி வைப்பது இன்சுலின். இரண்டாம் வகைச் சலரோகத்தில் கலங்கள் இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை, அதைச் சுரக்கும் கணையமும் மெல்லக் களைத்துப் போகிறது. அதனால் எவ்வளவு சாப்பிட்டோம் என்பதோடு, எவ்வளவு வேகமாக அது இரத்தத்துக்கு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கூழில் அரிசி மா ஏற்கெனவே வெந்து குழைந்திருக்கும். மெல்லவும் வேலை இல்லை, விறுவிறுவென்று இறங்கிவிடும். பயறும் தேங்காய்ப்பாலும் கொஞ்சம் தடுத்து நிறுத்தும். பயறு கூட, பனங்கட்டி குறைய, ஒரு சின்னக் கோப்பை என்றால் சமாளிக்கலாம். அதோடு கொழுக்கட்டையும் சேர்ந்தால் கதை வேறு.

பிறகு யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறும். 25 நாளும் பல வீடுகளில் மச்சம் இல்லை. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மீன் இருந்த இடத்தைத் தட்டில் சோறு பிடித்துக்கொள்கிறது. அந்த இடம் பருப்புக்கும் கடலைக்கும் கீரைக்கும் போக வேண்டும். சாப்பிடும் வரிசைக்கும் பங்கு உண்டு: மரக்கறியையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் எடுத்தால், வயிறு மெதுவாகவே வெறுமையாகும், இரத்தத்தில் சீனியும் அவ்வளவு உயராது.

அரியதரம் ஒரு கள்ளப் பலகாரம். எண்ணெயில் பொரித்தது என்பதால் கொழுப்பு செரிமானத்தைத் தாமதிக்கும். இரண்டு மணித்தியாலம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் சீனி அளவு நன்றாக இருப்பதுபோலத் தெரியலாம். ஏற்றம் அதற்குப் பிறகு வந்து, இறங்காமல் நிற்கும்.

சாப்பிட்டபின் 15 நிமிடம் நடப்பது நல்ல வேலை செய்யும். சுருங்கி விரியும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே குளுக்கோசை இழுத்துக்கொள்கிறது. கோயில் வீதியைச் சுற்றினாலும் சரிதான், மத்தியான வெயிலில் மட்டும் வேண்டாம். கால் விறைத்துப்போன சலரோகக்காரருக்குச் சுடுமணல் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

விரதம் இருப்பவர்கள் கொடியேற முன்னரே கிளினிக்கில் கேட்டுவிட வேண்டும். இன்சுலினும் சில குளிசைகளும், சாப்பாடு இல்லாத நாளில் இரத்தச் சீனியை 70 mg/dLக்குக் கீழே தள்ளிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். சனக்கூட்டத்தில் அதை வெயில் என்று நினைத்துவிடுவோம். அப்போது வேண்டியது வேகம்தான்: சுமார் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று தேக்கரண்டிச் சீனி கரைத்த தண்ணீர், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. சொக்லேட் உதவாது, அதன் கொழுப்பு இங்கும் தாமதிக்கும். இன்னொன்று, நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். சட்டைப்பையில் வைத்த குளுக்கோஸ் பக்கெற் சட்டையோடு போய்விடும். வேட்டி மடியில் முடிந்துகொள்ளுங்கள்.