மீட்டர் 12.6 காட்டுகிறது, விளக்கு ஏன் மங்குகிறது?

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு, சிங்க் எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றும் கேரவனாக மாற்றியிருக்கிறார். "பேட்டரி புதுசுண்ணா. மீட்டர்ல 12.6 காட்டுது. தண்ணி மோட்டார் போட்டா மட்டும் லைட்டு செத்துப்போவுது. ஒயரிங் மொத்தத்தையும் மாத்திடட்டா?"

மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரோடு கிளம்பினேன்.

12.6 வோல்ட் காட்டினால் ஈய-அமில பேட்டரி நிறையவே சார்ஜ் ஆகியிருக்கிறது. ஃப்யூஸ் போயிருந்தால் விளக்கு மங்காது, எரியவே எரியாது. மோட்டார் ஓடும்போது மட்டும் மங்குகிறது என்பதுதான் துப்பு. விளக்கும் மோட்டாரும் பங்கு போட்டுக்கொள்ளும் பாதையில் எங்கோ அடைப்பு இருக்கிறது.

மோட்டாரை நிறுத்தி, விளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஒயர் முனையில் அளந்தாலும் 12.6 தான் வரும். மீட்டர் பொய் சொல்லவில்லை. அதன் உள்மின்தடை சுமார் 1 கோடி ஓம். அது இழுக்கும் மின்னோட்டம் இல்லாததற்குச் சமம். காறை படிந்த குழாயிலும், திறப்பை மூடி வைத்தால் அழுத்தம் முழுதாக இருக்கும். திறந்த பிறகுதான் தண்ணீர் நூலாக ஒழுகுவது தெரியும். ஆகவே எல்லாவற்றையும் ஓடவிட்டு அளக்க வேண்டும்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை விளக்கின் நெகட்டிவிலும் வைத்தேன். இரண்டும் ஒரே பாதை, பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். விளக்கு மட்டும் எரிந்தபோது 0.3. மோட்டாரைப் போட்டதும் 2.4! முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனேன். சிங்க்குக்குப் பின்னால், நெகட்டிவ் ஒயரை வண்டியின் இரும்பு பாடியோடு சேர்த்து முடுக்கியிருந்த எர்த் போல்ட்டைத் தாண்டியதும் அளவு சட்டென்று விழுந்தது. கையை வைத்தால் போல்ட் சுட்டது. கிட்டத்தட்ட 5 ஆம்பியர், 2.4 வோல்ட், 12 வாட் அங்கேயே வெப்பமாகிக்கொண்டிருந்தது. 25 வாட் சால்டரிங் அயர்னில் பாதி.

எனக்கு அலுக்காத இடம் இதுதான். ஒயர் முனையில் மாட்டியிருக்கும் செம்பு வளையமான லக்கும் இரும்புத் தகடும் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால், கொத்திய அம்மி மேல் இன்னொரு கொத்திய அம்மியைக் கவிழ்த்தது போல, மேடுகள் மட்டுமே முட்டிக்கொண்டிருக்கும். மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியாகத்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. காசிமேட்டுக் காற்றில் வரும் உப்பு அந்த இடுக்குகளில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். செம்பு, இரும்பு, நடுவில் உப்புநீர்: ஒரு குட்டி பேட்டரியே தயார். அதில் கரைவது இரும்பு. துரு இடுக்கில் நுழைந்து புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறது. செம்பின் மேலும் பச்சைக் களிம்பு ஏறுகிறது. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமையாகச் சொல்கிறதே, அதே களிம்பு.

இப்படி உருவான மின்தடை வெறும் அரை ஓம். வீட்டு 230 வோல்ட்டில் 24 வாட் விளக்கு 0.1 ஆம்பியர்தான் இழுக்கும். அரை ஓமில் 0.05 வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அதே 24 வாட்டுக்கு 2 ஆம்பியர், 1 வோல்ட் காலி. போதாததற்கு எல்இடி பட்டையில் மும்மூன்று எல்இடிகள் தொடராக இருக்கின்றன. அவற்றுக்கே 9 வோல்ட் வேண்டும், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த அவற்றோடு சேர்த்திருக்கும் மின்தடைக்கு மிஞ்சுவது 3. பட்டைக்கு 10 வோல்ட்தான் வந்தால் மிஞ்சுவது 1. அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைய, வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

வண்டி முகப்பில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. லைட் மங்க ஆரம்பித்ததும் அவருடைய அம்மா கட்டியதாம். அந்த அம்மாவின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் கண்ணேறு என்று ஒதுக்கிவிட்டால் சுடுகிற போல்ட்டை யாரும் தேடமாட்டார்கள். அதன் பக்கத்தில்தான் பிளைவுட்டும் கேஸ் அடுப்பும் இருந்தன. இதைச் சொன்னதும், "அத மொதல்ல கழட்டுப்பா" என்றார் அந்த அம்மா. போல்ட்டைத்தான் சொன்னார்.

அழகப்ப செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948-இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு வித்திட்டார். அரிப்பைப் பற்றி அங்கே ஆழமாக ஆராய்கிறார்கள். எண்ணூர் முதல் ராயபுரம் வரை படகும் லாரியும் உப்பில் கரைகிற இந்த ஊருக்கு அந்த அறிவு வந்துசேர இன்னும் நிறையப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் இரும்பு வெள்ளையாகும்வரை தேய்த்து, புது லக் போட்டு முடுக்கி, மேலே வாசலின் பூசினோம். மோட்டார் ஓடும்போது 0.08. ஆனாலும் அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த பாடி எர்த்தை விட்டுவிட்டு, 6 சதுர மில்லிமீட்டர் கறுப்பு ஒயர் ஒன்றை நேராக பேட்டரி நெகட்டிவுக்கே இழுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். 4 மீட்டர்தான் வரும்.