முன் பிரேக்கின் முதல் கால் நொடி

"முன் பிரேக்கைப் பிடிக்காதே, தூக்கி அடித்துவிடும்." பைக் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பலருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான். சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். அவரே ஒருமுறை விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டவராகவும் இருப்பார். ஆனால் இந்த அறிவுரையை நம்பி ஓட்டுநர் தேர்வின் அவசர நிறுத்தத்துக்குப் போனால், நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் வண்டி நிற்கும். எவ்வளவு தூரம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரு சக்கரங்களுக்கும் நடுவே 1.4 மீட்டர். மொத்த எடையின் மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சும்மா நிற்கும்போது முன் சக்கரத்தில் 125 கிலோ, பின் சக்கரத்தில் 125 கிலோ. காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர். உராய்வுக் கெழு, அதாவது டயர் சாலையைப் பிடிக்கும் அளவு, 0.8. வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். பிரிட்டனின் பைக் தேர்வில் அவசர நிறுத்தத்துக்குக் கேட்கும் குறைந்தபட்ச வேகமும் இதுதான். அந்த வேகத்துக்கு வந்த பிறகு தேர்வாளர் கையை உயர்த்துவார், உடனே நிறுத்த வேண்டும்.

பின் பிரேக் மட்டும் பிடித்தால் இந்த வண்டி நிற்க ஏறத்தாழ 34 மீட்டர் ஆகும். முன் பிரேக் மட்டும் என்றால் 15 மீட்டர் சொச்சம். இரண்டையும் சரியாகப் பிடித்தால் 12 மீட்டர். முன் பிரேக்கைத் தொடாமல் ஓட்டுபவர் 22 மீட்டர் கூடுதலாகப் போகிறார். சாலையில் அந்த 22 மீட்டருக்குள் யார் வேண்டுமானாலும் நின்றுகொண்டிருக்கலாம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? பேருந்து சட்டென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாம் முன்னால் சாய்வார்கள் அல்லவா? பைக்கிலும் அதேதான் நடக்கிறது. பிரேக்கின் விசை தரை மட்டத்தில் டயரைப் பின்னுக்கு இழுக்கிறது. எடையின் மையமோ 65 சென்டிமீட்டர் மேலே இருந்துகொண்டு முன்னே போகப் பார்க்கிறது. வண்டி மூக்கைக் குத்துகிறது, பின் சக்கரத்தின் சுமை முன் சக்கரத்துக்கு மாறுகிறது. நம் கணக்கு வண்டியை முழுப் பிடிப்போடு நிறுத்தும்போது முன் சக்கரத்தில் 218 கிலோ, பின் சக்கரத்தில் வெறும் 32 கிலோ. டயர் சாலையை எவ்வளவு பிடிக்கும் என்பது அதை எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. 32 கிலோ அழுத்தும் டயரிடம் போய் வண்டியை நிறுத்து என்றால் அது என்ன செய்யும்? லாக் ஆகி, அதாவது சுழலாமல் நின்று, சறுக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் முடிந்தது என்று தோன்றும். அந்தப் பழைய அறிவுரை பிறந்ததே இங்கேதான். முன் சக்கரத்துக்கு 218 கிலோ வருவது பிரேக் பிடித்த பிறகு. விரல் முன் பிரேக்கின் லீவரைத் தொடும் கணத்தில் அங்கே இருப்பது 125 கிலோதான். எடை முன்னால் வந்து, ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்கள்) அமுங்கி, டயர் சாலையில் அழுந்த ஏறத்தாழ கால் நொடி வேண்டும். அந்தக் கால் நொடி முடிவதற்குள் முழு பலத்தையும் போட்டால், இன்னும் வந்து சேராத எடையை நம்பிப் பிரேக் பிடிக்கிறோம். டயரால் தாங்க முடியாது, முன் சக்கரம் சுழல்வதை நிறுத்திவிடும்.

பயிற்சி மைதானத்தில் எனக்கு அது நடந்தது. வேகம் 30 கூட இருக்காது. பயிற்சியாளர் கையைத் தூக்கினார், நான் நான்கு விரலாலும் லீவரைப் பறித்தேன். என்ன ஆனது என்று புரிவதற்குள் வண்டி இடது பக்கம் தரையில் கிடந்தது, நான் அதற்கு முன்னால் கிடந்தேன். அடி பெரிதாக இல்லை. பயிற்சியாளர் என்னை எழுப்பி உட்கார வைத்துவிட்டுத் தரையைக் காட்டினார். ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புக் கோடு, அதற்கு அப்புறம் ஹேண்டில்பார் கீறிய வெள்ளைத் தடம். "முன் பிரேக் மேல தப்பு இல்லை தம்பி. நீங்க அதுக்கு நேரமே கொடுக்கலை" என்றார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் இதுதான்.

ஒரு சாண் சறுக்கியதற்கே வண்டி ஏன் விழ வேண்டும்? ஓடும் பைக் எப்போதும் அணு அணுவாக ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துகொண்டேதான் இருக்கிறது. சாயும் பக்கம் முன் சக்கரம் லேசாகத் திரும்பி, டயர் பக்கவாட்டில் சாலையைப் பிடித்து, வண்டியை நிமிர்த்துகிறது. நமக்குத் தெரியாமலே இந்த வேலை இடைவிடாமல் நடக்கிறது. சக்கரம் உருண்டால்தான் இது முடியும். லாக் ஆன டயரின் உராய்வு முழுவதும் அது சறுக்கும் திசைக்கு நேர் எதிராகவே போய்விடுகிறது. பக்கவாட்டில் பிடிக்க மிச்சம் எதுவும் இல்லை. அதனால் பின் சக்கரம் லாக் ஆனால் வால் ஆடும், முன் சக்கரம் லாக் ஆனால் வண்டி படுத்துவிடும்.

சரி, விரல் என்ன செய்ய வேண்டும்? முதலில் லீவரின் தளர்வை எடுத்து, பிரேக் பேட் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைத் தொடும் அளவுக்கு மென்மையாகப் பிடிக்க வேண்டும். அப்போதே மூக்கு இறங்கத் தொடங்கும். கையிலும் உட்காரும் இடத்திலும் அது தெரியும். இறங்க இறங்கப் பிடியையும் கூட்டிக்கொண்டே போகலாம். ஈரத் துணியைப் பிழியும்போது கை தானாகவே இப்படித்தான் வேலை செய்கிறது: முதலில் பிடிமானம், பிறகு இறுக்கம், கடைசியில் முழு பலம். மெதுவாகப் பிடிக்கச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடுவதிலிருந்து முழு பலம் வரை எல்லாமே அரை நொடிக்குள் முடிந்துவிட வேண்டும். கடைசிப் பிடி, பழகாதவர்கள் நினைப்பதைவிட மிகவும் கடினமான பிடி. தேர்வில் விழுபவர்களும் உண்டு, பயத்தில் பாதிப் பிடியோடு நிறுத்திக்கொண்டு கோட்டைத் தாண்டுபவர்களும் உண்டு.

பின் பிரேக் கூடவே வர வேண்டும், ஆனால் தலைகீழ் வரிசையில். தொடக்கத்தில் பின் சக்கரத்தில் எடை இருக்கிறது, அப்போது நன்றாக மிதிக்கலாம். எடை முன்னால் போகப் போக மிதியைத் தளர்த்த வேண்டும். நம் உள்ளுணர்வு இதற்கு நேர்மாறு: ஆபத்து நெருங்க நெருங்கக் கால் இன்னும் பலமாக மிதிக்கும். பின் சக்கரம் லாக் ஆகி, வண்டி நேராகவே சறுக்கினால் மிதியை லேசாக விட்டுப் பிடிக்கலாம். வால் நன்றாக ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டால் விடக் கூடாது. அந்தக் கோணத்தில் டயர் திடீரென்று பிடித்தால் வண்டி வெடுக்கென்று நிமிர்ந்து ஆளைத் தூக்கி வீசும். நிற்கும்வரை சறுக்க விடுவதே மேல். முன் சக்கரத்துக்கு வேறு விதி. அது லாக் ஆனால் உடனே விட வேண்டும், உருளத் தொடங்கியதும் மறுபடி பிடிக்க வேண்டும்.

மழையில் கணக்கே மாறுகிறது. உராய்வுக் கெழு 0.5 ஆக இறங்கினால் வண்டியின் வேகம் மெல்லத்தான் குறையும், அதனால் முன்னால் மாறும் எடையும் குறைவு: முன்னால் 183 கிலோ, பின்னால் 67. பின் பிரேக்குக்குக் கால் பங்குக்கும் மேல் வேலை கிடைக்கிறது. மழையில் முன் பிரேக்கை அறவே விடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் இன்னும் பொறுமையாகக் கூட்டுவதுதான் சரி. முன் சக்கரம் அப்போதும் பெரிய பங்கைத்தான் சுமக்கிறது. பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் பின் பிரேக்கின் பங்கு கூடும்.

உடம்பையும் மறக்கக் கூடாது. முட்டியால் டேங்கை இறுக்கிக்கொண்டால் நம் எடை கைகளில் இறங்காது. முழங்கை விறைத்துப்போனால் நாம் முன்னால் சரியும் பாரம் முழுவதும் ஹேண்டில்பாரில் விழும், வண்டி தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும் அந்தச் சின்னத் திருப்பத்தை அது தடுத்துவிடும். கண் தூரத்தில் இருக்க வேண்டும். முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் தோள் இறங்கும், கூடவே ஹேண்டிலும் திரும்பும். திருப்பத்தில் இருக்கும்போது பிரேக் போட வேண்டி வந்தால் முதலில் வண்டியை நிமிர்த்த வேண்டும். பிடிப்பில் ஒரு பங்கைத் திருப்பம் ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கும்.

கிளட்ச் பற்றிப் பள்ளிக்குப் பள்ளி கருத்து மாறுகிறது. நிற்பதற்குச் சற்று முன்னால் பிடித்தால் போதும் என்பவர்களும் உண்டு, பிரேக்கோடு சேர்த்தே பிடிக்கச் சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும் எஞ்சின் அணைந்துவிடாமல், இடது கால் தரையிலும் வலது கால் பின் பிரேக்கிலும் இருக்க நின்றால் சரி.

சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பி.எம்.டபிள்யூ 1988இல் கே100 பைக்கில் மின்னணு ஏ.பி.எஸ்.ஸைக் கொண்டுவந்தது. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை ஒரு உணரி பார்த்துக்கொண்டே இருக்கும். சக்கரம் லாக் ஆகப் போவது தெரிந்ததும் எண்ணெய் அழுத்தத்தைக் குறைத்து, உடனே மறுபடி கூட்டும். நொடிக்குப் பல முறை. லீவர் விரலுக்கடியில் துடிப்பதை உணரலாம். துடித்ததும் பயந்து விட்டுவிடுபவர்கள் நிறைய. விடவே கூடாது, அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே அந்தத் துடிப்புதான். என்னைக் கேட்டால், ஏ.பி.எஸ். கட்டாயம் வேண்டும். ஆனாலும் பறித்துப் பிடித்தால் அந்த முதல் கால் நொடியில் அதுவும் அழுத்தத்தை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கும்.

இன்னொரு கணக்கு: மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 14 மீட்டர். பார்த்து, புரிந்து, விரல் லீவருக்குப் போக ஒரு நொடி ஆனால், பிரேக் போட்டு நிற்கும் 12 மீட்டரைவிட அதிகத் தூரம் பிரேக்கே போடாமல் போயிருக்கும். சந்தேகமான இடத்தில் இரண்டு விரலை லீவர் மேல் முன்கூட்டியே வைத்திருப்பது அந்த நொடியில் ஒரு பகுதியை மீட்டுத் தரும்.

விழுந்த மறுநாள் பயிற்சியாளர் ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் ஒரு கேபிள் டையை (பிளாஸ்டிக் பட்டையை) கட்டி, கீழே ரப்பர் சீல்வரை தள்ளிவிட்டார். ஃபோர்க் அமுங்கும்போது சீல் அதை மேலே தள்ளும். ஃபோர்க் திரும்பி எழுந்தாலும் டை எட்டிய உயரத்திலேயே நிற்கும். வேகம் 20இல் தொடங்கினோம். பின் பிரேக் மட்டும் மிதித்தபோது டை இரண்டு விரல் அளவுகூட ஏறவில்லை. அப்புறம் முன் பிரேக்: தொட்டு, மூக்கு இறங்குவதை உணர்ந்து, பிழிந்து. ஒவ்வொரு சுற்றிலும் இறங்கிப் பார்த்து, டையைக் கீழே தள்ளிவிட்டு, வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். சாயங்காலம் 50இலிருந்து நிறுத்தியபோது டை குழாயின் மேல் முனைக்கு அருகே நின்றது. திரும்பி நடந்து தரையைப் பார்த்தேன். கறுப்புக் கோடு எங்கும் இல்லை.