ஜாமீன் கிடைத்தது, பையன் வரவில்லை

"ஜாமீன் கெடச்சிடுச்சுன்னு சொன்னீங்களே சார், பையன் இன்னும் வரலையே?"

உத்தரவு வந்து 19-ஆம் நாள் ஓர் அம்மா வந்து நின்றார். தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தாய்மாமன் தயார். ஆனால் வாடகை வீடு. சொத்துக்குச் சான்றாகக் காட்ட வேண்டிய வீட்டு வரி ரசீது அவர் பெயரில் இல்லை. அம்மா மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் காட்டிய கரண்ட் பில்லும் வீட்டுக்காரர் பெயரில்தான் இருந்தது.

இது பழைய கதை. 1978-ல் மோதி ராம் என்ற கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தும், மத்தியப் பிரதேச மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அவருடைய சகோதரர் முன்வந்தார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் கடிந்துகொண்டு, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக் கொடுக்கும் உறுதியில், விடச் சொன்னார்.

'கோர்ட் விட்டுவிட்டது, ஜாமீன்தாரர் கொண்டுவராதது உங்கள் பாடு' என்று அரசு கையை உதற முடியாது. சிறைக் கதவின் சாவி அரசிடம். உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு கைது செய்த அன்றோடு முடிவதில்லை. உள்ளே கழியும் ஒவ்வொரு நாளுக்கும் அரசுதான் பதில் சொல்ல வேண்டும்.

2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் இதையே நடைமுறையாக்கியது. ஜாமீன் உத்தரவின் நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்குப் போய், கைதியின் கைக்குச் சேர வேண்டும். ஏழு நாளில் அவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பிணை கட்ட முடியவில்லையென்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற பிடிவாதமே தாமதத்துக்கு ஒரு காரணம் என்பதையும் அது சொல்லியிருக்கிறது.

தாளில் எல்லாம் சரி. சிறைக் கணினியில் ஜாமீன் கிடைத்த தேதி ஏறுகிறது. அதைப் பார்த்துவிட்டு போன் போடத்தான் ஆளில்லை. அதனால் ஏழு நாள் வரை காத்திருக்காதீர்கள். இலவசச் சட்ட உதவி எண்ணான 15100-க்கு அழையுங்கள், இலவச வழக்கறிஞர் கிடைப்பார், நிபந்தனையைத் தளர்த்த மனு போடுவார். ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் விசாரணைக் கைதிக்குப் பண உதவி உண்டு. முடிவெடுப்பது மாவட்டக் குழு. கோர்ட் வாசலில் காசுக்குக் கையெழுத்துப் போட வருகிறவர்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். போலிச் சான்றிதழ் பிடிபட்டால் அது தனி வழக்கு.

அந்தப் பையன் 27-ஆம் நாள் மாலை சொந்தப் பிணையில் வந்தான். ஜாமீன் கிடைத்த மறுநாளே உத்தரவு மின்னஞ்சலில் சிறைக்குப் போயிருந்தது. உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"அம்மா பார்க்க வந்தப்பதான் சார்" என்றான்.