பெருந்தலைத் திமிங்கலம்

திருகோணமலையில் திமிங்கலம் பார்க்கப் படகேறுகிறவர்களுக்காக அச்சிட்ட துண்டறிக்கை ஒன்றில் ‘விந்துத் திமிங்கலம்’ என்றிருந்தது. ஆவணப்படங்களில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன சொல். பிள்ளைகுட்டிகளோடு வந்தவர் இதை எப்படி வாய்விட்டுப் படிப்பார்?

இதன் ஆங்கிலப் பெயரான ஸ்பெர்ம் வேல் என்பது ஸ்பெர்மசெட்டி என்பதிலிருந்து வந்தது. இந்த விலங்கின் தலைக்குள் உள்ள மெழுகெண்ணெய் ஆறினால் வெள்ளையாக உறையும். அதை விந்து என்று நினைத்து வைத்த பெயர் அது. பிறகு அந்த மெழுகில் மெழுகுவத்தி செய்தார்கள். அவர்களுடைய பிழையை அவர்கள் மொழி சுமக்கட்டும், நமக்கென்ன வந்தது?

‘எண்ணெய்த் திமிங்கலம்’ என்பவர்களும் உண்டு. கூச்சம் போயிற்று, குழப்பம் போகவில்லை. எண்ணெய்க்காகக் கொல்லப்படாத பெரிய திமிங்கலம் எது? நீலத் திமிங்கலத்தின் கொழுப்பையும் உருக்கித்தான் பீப்பாயில் அடைத்தார்கள். மேலும் அது வேட்டைக்காரன் கணக்குப் பார்த்து வைத்த பெயர். படகில் நிற்பவருக்கு எண்ணெயா தெரிகிறது? திருகோணமலையில் கரைக்கு அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு இருப்பதால், ஆழத்தில் கணவாய் மீன் தேடும் இந்த விலங்கு அவ்வளவு பக்கத்தில் வருகிறது. மூச்சு விடும்போது நீர்த்தூவல் நேரே எழாது. முன்பக்கமாக, இடப்புறம் சாய்ந்து பீறிடும். மூக்குத்துளை ஒன்றே ஒன்று, அதுவும் தலையின் இடது முனையில். உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலைதான். ஆகவே ‘பெருந்தலைத் திமிங்கலம்’ என்பேன். 1758இல் உயிரியலாளர் லின்னேயஸ் சூட்டிய அறிவியல் பெயரில் உள்ள மாக்ரோசெஃபாலஸ் என்பதற்கும் அதுவே பொருள். திமிங்கலம் என்பதே வடசொல்லாயிற்றே என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். ‘திமி’ என்னும் பெருமீனை விழுங்குவது என்று பொருள். எப்போதோ நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது, விட்டுவிடுவோம்.

விட முடியாதது ‘திமிங்கல வாந்தி’. கடத்தல் செய்தி வரும்போதெல்லாம் நாளிதழ்கள் இப்படித்தான் எழுதுகின்றன. இதே பெருந்தலையின் குடலில், செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றித் திரளும் வாசனைப் பொருள் அது. குடலில் விளைவதை வாந்தி என்று ஆங்கிலத் தலைப்பு சொன்னால், மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறக்கக் கூடாதா? உப்பு, முத்து, பவளம், சங்கு ஆகியவற்றோடு ஓர்க்கோலையையும் சேர்த்துக் கடல்படு பொருள் ஐந்து என்று எண்ணியவர்கள் நம் முன்னோர். அந்த ஓர்க்கோலைதான் இது. செய்தியாளருக்கு அது கடினம் என்றால் அம்பர் என்றே எழுதலாம். அத்தர்க் கடைக்காரருக்கும் புரியும்.