செயின் பறிப்புக்கு சி.எஸ்.ஆர். ரசீது போதாது, எஃப்.ஐ.ஆர். கேட்டு வாங்குங்கள்

பைக்கில் வந்தவன் கழுத்தில் கிடந்ததை அறுத்துக்கொண்டு போய்விட்டான், அல்லது கையில் இருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். கை கால் நடுக்கம் நிற்பதற்குள் ஸ்டேஷனுக்குப் போனால், அங்கே இருப்பவர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, “பறிச்சிட்டாங்கன்னு எழுதினா கோர்ட்டு, கேஸுன்னு அலையணும்மா. தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுங்க, ரசீது போட்டுத் தர்றேன்” என்கிறார். அக்கறையாகச் சொல்வது போலத்தான் இருக்கும், சிலர் நிஜமான அக்கறையில்கூடச் சொல்வார்கள். ஆனால் தொலைந்து போவது குற்றமில்லை. அப்படி எழுதிக் கொடுத்துவிட்டால் தேடிப் பிடிக்க ஆளும் இல்லை, நடத்த விசாரணையும் இல்லை. பிறகு அவனே வேறு வழக்கில் சிக்கினாலும், அவனிடம் எடுத்த நகையில் உங்களுடையது எது என்று பொருத்திப் பார்க்க ஸ்டேஷனில் ஒரு காகிதம் இருக்காது.

இந்த போலீஸ் நேர்மையானவரா, கூட்டுக் களவாணியா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். வருவதில் தப்பும் இல்லை. ஆனால் அதற்குப் பதில் கண்டுபிடித்துவிட்டுத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று கிடையாது. நேர்மையான எஸ்.ஐ.யாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, கேட்க வேண்டிய காகிதம் ஒன்றுதான்: எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை.

தமிழ்நாட்டில் குழப்பம் வருவதே சி.எஸ்.ஆர். என்ற ரசீதால்தான். புகாரைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டு, எண் போட்டு, முத்திரை குத்தி ஒரு சின்னத் தாள் தருவார்கள். “உங்க மனு வந்து சேர்ந்தது” என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். அது நிர்வாக ஏற்பாடு. குற்ற விசாரணை நடைமுறைக்கான புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இல் அப்படி ஒன்றே கிடையாது. எஃப்.ஐ.ஆர். வேறு வகை. அது போடப்பட்டதும் மாஜிஸ்திரேட்டுக்குப் போகிறது, அதன் பிறகு வழக்கை முடிப்பதென்றாலும் கோர்ட்டுக்கு அறிக்கை கொடுத்துத்தான் முடிக்க முடியும். ஒரு ஸ்டேஷனின் அலமாரிக்குள் அதை அமுக்கிவிட முடியாது என்பதால்தான் அதைப் போடுவதில் அத்தனை தயக்கம். நிலுவை வழக்குகளின் எண்ணிக்கை ஏறினால் மேலதிகாரி கேள்வி கேட்பார் என்ற பயமும் இருக்கிறது. சி.எஸ்.ஆர். கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சண்டை போடத் தேவையில்லை. ஆனால் “எஃப்.ஐ.ஆர். எப்ப சார் கிடைக்கும்?” என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். 173ஆவது பிரிவுப்படி, பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் போலீஸ் அதைப் பதிவு செய்ய வேண்டும். வாயால் சொல்லலாம், அவர்கள் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். மின்னணு வழியிலும் அனுப்பலாம், அப்படி அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். “இது எங்க எல்லை இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க” என்று திருப்பி அனுப்பவும் முடியாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும் என்று அதே பிரிவில் இருக்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்களே, அது இதுதான். பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது.

அடுத்து வருவது எந்தப் பிரிவில் பதிகிறார்கள் என்பது. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான், எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான்.

எது குற்றம், என்ன தண்டனை என்று சொல்லும் புதிய சட்டமான பி.என்.எஸ்.-இல் பறிப்புக்கென்றே 304 என்று தனிப் பிரிவு வந்திருக்கிறது. திடீரென்றோ வேகமாகவோ பலவந்தமாகவோ பிடுங்கினால் அது பொருந்தும், தண்டனை 3 ஆண்டு வரை. அடித்தோ, காயப்படுத்தியோ, கத்தியைக் காட்டி மிரட்டியோ பறித்தால் அது வழிப்பறி, 309ஆவது பிரிவு. தண்டனை 10 ஆண்டு வரை, நெடுஞ்சாலையில் சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையில் நடந்தால் 14 ஆண்டு வரை. வெறும் திருட்டு என்றால் 303. இதில்தான் ஒரு பொறி இருக்கிறது. சாதாரணத் திருட்டில் பொருளின் மதிப்பு 5000 ரூபாய்க்குக் கீழே என்றால், கோர்ட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றமாக அதை வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே “போன் பழசுதானே, நாலாயிரம்னு போட்டுக்கலாமா?” என்று கேட்டு, பிடுங்கியதைத் திருட்டாகவும் எழுதிவிட்டால் உங்கள் புகாரின் உயிரே போய்விடும். வாங்கிய விலை, வாங்கிய ஆண்டு இரண்டையும் எழுதுங்கள், கையிலிருந்து பிடுங்கியதை அப்படியே எழுதுங்கள்.

இன்னொரு நுணுக்கம். 3 ஆண்டுக்குக் குறையாமலும் 7 ஆண்டுக்குக் கீழேயும் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதியோடு 14 நாள் வரை முதல்கட்ட விசாரணை செய்துவிட்டு எஃப்.ஐ.ஆர். போடலாம் என்று புதிய சட்டம் இடம் கொடுக்கிறது. 304 அந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது, 309 வராது. “14 நாள் டைம் இருக்கு” என்று யாராவது சொன்னால், அனுமதி கொடுத்த அதிகாரி யார், எந்தத் தேதியில் என்று கேட்கலாம். அனுமதி வாங்காமலே சும்மா இழுத்தடிக்க இந்த விதி எழுதப்படவில்லை.

காயம் இருந்தால் 309 பொருந்தலாம் என்பதால், செயின் இழுபட்டுக் கழுத்தில் சிராய்ப்பு இருந்தாலோ, கீழே விழுந்து முட்டி பெயர்ந்திருந்தாலோ, முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள், அந்த விபத்துப் பதிவேட்டு நகலை ஏ.ஆர். காப்பி என்பார்கள். சின்னக் காயம்தானே என்று மஞ்சள் தடவிக்கொண்டு இருந்துவிட்டால் நாளைக்கு அதற்கு ஆதாரம் இருக்காது. அதே சமயம் இல்லாத கத்தியைச் சேர்த்து எழுத வேண்டாம். பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம், அப்புறம் சி.சி.டி.வி.யில் கத்தி தெரியாவிட்டால் நீங்கள் சொன்ன உண்மைகள் மேலும் சந்தேகம் விழும்.

புகாரில் நாள், நேரம், இடம், வண்டியின் நிறம், எண்ணில் ஞாபகம் இருக்கிற அளவு, எத்தனை பேர், எந்தப் பக்கம் போனார்கள், பக்கத்தில் எந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்பதை எல்லாம் எழுதுங்கள். பதற்றத்தில் முகம் மறந்து போவது இயல்பு, தெரியாததைத் தெரியாது என்றே எழுதலாம். அடுத்த நாள் ஞாபகம் வந்தால் கூடுதல் மனுவாகக் கொடுக்கலாம். நகைக்கு பில் இல்லை என்பதற்காகப் புகாரை மறுக்க முடியாது. தாலிச் சங்கிலிக்கு முப்பது வருடத்துக்கு முந்தைய பில்லை யார் வைத்திருப்பார்கள்? அதைப் போட்டுக்கொண்டு எடுத்த ஃபோட்டோ, எடை, மாடல், அடகு வைத்திருந்தால் பழைய அடகு ரசீது, இவையெல்லாம் உதவும். பையோடு ஆதார், லைசென்ஸ் போயிருந்தால் அவற்றையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். தனியாகப் போகாமல் கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், உங்களுக்குப் பேச்சு வராத இடத்தில் அவர் பேசுவார்.

எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்ததும் மடித்துப் பையில் போடாமல் அங்கேயே நின்று படியுங்கள். நிகழ்ந்த நாளும் நேரமும், ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நாளும் நேரமும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். நீங்கள் அன்று மாலையே போயிருக்க, தகவல் வந்ததாக மூன்று நாள் கழித்த தேதி போட்டிருந்தால் தாமதம் உங்கள் தலையில் விழும், உடனே கேளுங்கள். பிரிவு எண், பறிபோன பொருள், எடை, மதிப்பு எல்லாம் சரிதானா பாருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து கூடவே கூடாது. எஃப்.ஐ.ஆரில் உங்கள் கையெழுத்து வேண்டும், ஆனால் பிறகு விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது பி.என்.எஸ்.எஸ். 181ஆவது பிரிவு.

சரி, போட மாட்டேன் என்றே சொல்லிவிட்டால்? அங்கே கத்திப் பயனில்லை. அதே புகாரை, எந்தத் தேதியில் எந்த நேரத்தில் யாரிடம் கொடுக்கப் போனீர்கள் என்ற வரியைச் சேர்த்து, மாவட்ட எஸ்.பி.க்கோ மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்கோ ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். 173(4) சொல்லும் வழி இதுதான். அங்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனு போடலாம், 175(3)இன் கீழ் அவர் விசாரணைக்கு உத்தரவிட முடியும். இரண்டாவது படியைத் தாண்டாமல் மூன்றாவதுக்குப் போனால் மனு நிற்காது, அதனால் தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு.

எஃப்.ஐ.ஆர். போடாத போலீஸ்காரர் ஜெயிலுக்குப் போவார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை வைத்து ஸ்டேஷனில் வாதாட வேண்டாம். பி.என்.எஸ். 199இல் அப்படித் தண்டனை இருப்பது உண்மைதான், ஆனால் பாலியல் குற்றங்கள், ஆசிட் வீச்சு, ஆள்கடத்தல் போன்ற குறிப்பிட்ட சில குற்றங்களுக்கு மட்டும். செயின் பறிப்பு அதில் இல்லை.

ஸ்டேஷனில் மிரட்டினாலோ தரக்குறைவாகப் பேசினாலோ, பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது உதவும். வாசல், வரவேற்பு, லாக்கப் என எல்லா இடத்திலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருக்க வேண்டும். நீங்கள் போன நாளையும் நேரத்தையும் குறித்து, அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எஸ்.பி.க்கு எழுதலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஓர் ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கண்டுபிடித்துத் தரப் பெட்ரோல் காசு கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. லஞ்சம் கொடுப்பதும் குற்றம், ஆனால் கட்டாயத்தின் பேரில் கொடுத்துவிட்டு 7 நாளுக்குள் புகார் செய்தால் கொடுத்தவர் மேல் வழக்கு வராது.

போன் பறிபோனவர்களுக்கு வேலை இன்னும் அவசரம். முதலில் சிம்மை முடக்குங்கள், வங்கிக்குச் சொல்லி யு.பி.ஐ.யை நிறுத்துங்கள், பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லுங்கள். அதன் பிறகு புகார் நகலை வைத்து மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யை முடக்கலாம். வங்கிக்குச் சொன்ன நேரத்தைக் குறித்துவையுங்கள், பொறுப்பு யாருடையது என்ற பேச்சு வரும்போது அதுதான் கணக்கு.

விசாரணைக்கு வரச் சொல்லி அடிக்கடி போன் வந்தால், பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் உடல் ஊனமுற்றோரையும் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும் என்பதை (பி.என்.எஸ்.எஸ். 179ஆவது பிரிவு) மரியாதையாகவே சொல்லலாம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிப்பது அவர்கள் கடமை. கண்டுபிடிக்க முடியவில்லை என்று வழக்கை முடித்தால் உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும், ஆட்சேபம் இருந்தால் கோர்ட்டில் சொல்லலாம். இன்சூரன்ஸ் இருந்தால் கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

நகை கிடைத்துவிட்டது என்று தகவல் வந்தாலும் ஸ்டேஷனில் கையோடு கொடுத்துவிட மாட்டார்கள். அது கோர்ட் மூலமாகத்தான் வரும். கோர்ட்டில் ஒப்படைத்த 14 நாளில் பட்டியல் போட்டு, ஃபோட்டோ எடுத்து, அதிலிருந்து 30 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 497ஆவது பிரிவு சொல்கிறது. வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து நகையை வாங்கிக்கொள்ளலாம். தாலி என்று மனுவில் குறிப்பிடுங்கள், எஃப்.ஐ.ஆரில் எழுதிய எடையும் கிடைத்த நகையின் எடையும் ஒத்துப் போகிறதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.