கொறடா: ஆளா, ஆணையா, சாட்டையா?

“கொறடா உத்தரவை மீறி வாக்களித்தார்” என்ற வரி நமக்குப் பழகிப்போன ஒன்று. சட்டமன்றத்தில் கட்சியின் ஆள்திரட்டும் பொறுப்பாளரைக் குறிக்கும் அந்தக் கொறடா எந்த மொழிச் சொல், அதன் நேர்ப்பொருள் என்ன என்று கேட்டால் பலரும் தயங்குவார்கள். இரும்புக் குறட்டோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. பேச்சு வழக்கில் குறடு ‘கொறடு’ ஆகிவிடுவதால் வரும் மயக்கம் அது. ஆணியைப் பிடுங்கும் குறட்டுக்கும் இதற்கும் உறவே இல்லை. கொறடா என்றால் சாட்டை. குதிரையை ஓட்டுகிற சாட்டை.

மராத்தியில் கோரடா, தெலுங்கில் கொரடா, இந்தியில் கோடா. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான். குதிரைப்படையோடும் குதிரை வண்டியோடும் வடக்கிலிருந்து வந்து தமிழில் ஒட்டிக்கொண்ட லகான், சவாரி, ஜட்கா என்ற வரிசையில் வைக்க வேண்டிய சொல் இது. தஞ்சையில் மராத்தியரும் ஆர்க்காட்டில் நவாபும் ஆண்ட காலத்தில் இப்படி நூற்றுக்கணக்கான சொற்கள் தமிழுக்குள் வந்தன. கொறடா வாய்ப்பேச்சின் வழியாக வந்ததால் இடையில் வல்லின றகரம் ஏறியது. ‘கொரடா’ என்று எழுதுவதும் மூலத்துக்குப் பொருந்தும். ஆனால் அச்சில் நிலைத்துவிட்ட வடிவம் கொறடா.

சாட்டையைக் குறிக்கும் சொற்களைத் துருவினால் இன்னொன்றும் தெரியும். சவுக்கு என்பதும் வந்த சொல்தான். பாரசீகச் ‘சாபுக்’ அதன் மூலம். சங்க இலக்கியத்தில், முல்லைப்பாட்டில், பாசறையைக் காக்கும் யவனர் இடுப்பில் வளைத்துக் கட்டியிருந்த குதிரைச் சாட்டைக்கு ‘மத்திகை’ என்று பெயர். அதுவும் சாட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘மாஸ்டிக்ஸ்’ வழி வந்தது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. குதிரையோடு வந்தவர்கள் தத்தம் சாட்டையின் பெயரையும் விட்டுப் போயிருக்கிறார்கள். மாட்டுக்கு நாம் வைத்திருந்த தாற்றுக்கோல் மட்டும் நம் சொல்லாகவே நின்றது.

சட்டமன்றத்துக்குள் சாட்டை எப்படி வந்தது? அது இங்கிலாந்தின் நரிவேட்டையிலிருந்து வந்தது. வேட்டை நாய்கள் கூட்டத்தை விட்டு விலகாமல், விலகிய நாயைச் சாட்டையைச் சொடுக்கித் திரும்பக் கூட்டிவருகிற வேலைக்காரனுக்கு அங்கே ‘விப்பர் இன்’ என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் நாடாளுமன்றத்தில், வாக்கெடுப்பு நேரத்தில் ஊருக்குப் போய்விட்ட உறுப்பினர்களைத் திரட்டி வருகிறவருக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். 1769-இல் எட்மண்ட் பர்க் ஆற்றிய உரை ஒன்றிலிருந்து இந்த உவமை பரவியது என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. பின்னர் பெயர் சுருங்கி ‘விப்’ ஆனது. அதைச் சொல்லுக்குச் சொல்லாகத் தமிழில் பெயர்த்தபோது கொறடா கிடைத்தது.

ஆங்கிலத்தில் ‘விப்’ மூன்று பொருளைச் சுமக்கிறது: சாட்டை, கட்சியின் ஆள்திரட்டும் பொறுப்பாளர், அவர் அனுப்பும் ஆணை. தமிழில் கொறடா என்றால் பொறுப்பாளர் மட்டுமே. ஆணைக்குக் ‘கொறடா உத்தரவு’ என்று தனியாகச் சொல்கிறோம். கடன் வாங்கிய சொல்லைத் தமிழ் தன் போக்கில் தெளிவாக்கிக்கொண்டது. ஆகவே “கட்சி கொறடா பிறப்பித்தது” என்று எழுதுவது பிழை. கொறடாவைக் கட்சி நியமிக்கிறது. உத்தரவைக் கொறடா பிறப்பிக்கிறார்.

உத்தரவு மூன்று தரத்தில் இருக்கும். அன்றைய அலுவலைக் குறிப்பிட்டு ஒரு கோடு அடித்தால் ‘வாக்கெடுப்பு உண்டு, தெரிந்துகொள்க’ என்ற தகவல். இரண்டு கோடு என்றால் அவையில் இருக்க வேண்டும். மூன்று கோடு என்றால் கட்டாயம் வந்து கட்சி சொன்னபடி வாக்களிக்க வேண்டும். கோடு என்பது உருவகமன்று. தாளில் அந்த வரிக்கு அடியில் உண்மையாகவே இழுக்கப்பட்ட அடிக்கோடு. இந்தியாவில் பெரும்பாலும் செய்தியாவது மூன்று கோட்டு உத்தரவுதான்.

நம் அரசியலமைப்புச் சட்டத்தில் கட்சித்தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையைத் தேடினால் ‘விப்’ என்ற சொல்லே இல்லை. 52-ஆவது திருத்தத்தின் மூலம் 1985 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த அந்த அட்டவணை, ‘அரசியல் கட்சியோ அது அதிகாரம் அளித்த நபரோ அமைப்போ பிறப்பிக்கும் பணிப்பு’ என்றுதான் சொல்கிறது. அந்த நபர் கொறடாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நடைமுறையில் அவர்தான். பணிப்புக்கு மாறாக வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும், உறுப்பினர் பதவியிழக்க நேரிடும். அதற்கு இரண்டு விலக்கு உண்டு: முன்கூட்டியே அனுமதி பெற்றிருக்க வேண்டும், அல்லது வாக்களித்த 15 நாளுக்குள் கட்சி அதைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த 15 நாள் கணக்கு பலர் கண்ணில் படுவதில்லை. மீறிய மறுநாளே பதவி பறிபோய்விட்டதாகப் பேசுவது சரியன்று. முதலில் 15 நாள் கடக்க வேண்டும், பிறகு பேரவைத் தலைவரிடம் மனு, அதன் பிறகு உறுப்பினரின் விளக்கம், விசாரணை, முடிவு என்று நீளும்.

பதவி போவதற்கு இன்னொரு வழியும் அதே அட்டவணையில் இருக்கிறது: கட்சி உறுப்பினர் நிலையைத் தாமாக முன்வந்து விட்டுவிடுதல். அதற்கு வாக்கெடுப்பும் வேண்டாம், கொறடா உத்தரவும் வேண்டாம். ராஜினாமாக் கடிதம்கூட வேண்டியதில்லை. நடத்தையைக் கொண்டே அந்த முடிவுக்கு வரலாம்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கத் தமிழ்நாட்டில் 2017-இல் நடந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரி 18-இல் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி நம்பிக்கை கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அவை ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பகுதி பகுதியாக உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லித் தலை எண்ணப்பட்டது. ஆதரவு 122, எதிர்ப்பு 11. அந்த 11 பேரும் ஓ. பன்னீர்செல்வம் அணியைச் சேர்ந்த அ.தி.மு.க. உறுப்பினர்கள். கொறடா உத்தரவை மீறியது தொடர்பான வழக்கு இவர்களுடையது. அதே ஆண்டு செப்டம்பர் 18-இல் பேரவைத் தலைவர் ப. தனபால் 18 உறுப்பினர்களைத் தகுதிநீக்கம் செய்தார். மனுக் கொடுத்தவர் அரசு தலைமைக் கொறடா எஸ். ராஜேந்திரன். ஆனால் அந்த 18 பேர் எந்தக் கொறடா உத்தரவையும் மீறவில்லை. முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்ததுதான் காரணம். அது ‘தாமாக முன்வந்து விட்டுவிடுதல்’ என்று கொள்ளப்பட்டது. 2018 ஜூன் 14-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புத் தர, அக்டோபர் 25-இல் மூன்றாவது நீதிபதி தகுதிநீக்கம் செல்லும் என்றார். வாக்கெடுப்பில் எதிர்த்த 11 பேர் பதவியில் தொடர்ந்தார்கள். கடிதம் கொடுத்த 18 பேர் பதவியிழந்தார்கள். “கொறடா உத்தரவை மீறிய 18 பேர்” என்று இன்றும் சிலர் எழுதுவது முழுப் பிழை. மனுக் கொடுத்தவர் கொறடா என்பதால் வந்த குழப்பம் அது.

இந்த உத்தரவு எல்லா வாக்கெடுப்பிலும் செல்லாது. குடியரசுத் தலைவர் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிப்பது ரகசிய முறையில். அங்கே கட்சி உத்தரவு போட முடியாது. மாநிலங்களவைத் தேர்தலில் வாக்குச்சீட்டைக் கட்சி முகவரிடம் காட்ட வேண்டும் என்றாலும், மாற்றி வாக்களித்ததற்காகப் பதவி போகாது. 2006-இல் குல்தீப் நய்யார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சுயேச்சையாக வென்றவரை எந்தக் கொறடாவும் கட்டுப்படுத்த முடியாது; ஆனால் அவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால் அதற்காகவே பதவியிழப்பார். 1992-இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் கட்சித்தாவல் சட்டம் செல்லும் என்று சொன்ன நீதிபதிகள், பதவியைப் பறிக்கும் பணிப்பை அரசின் நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கை சார்ந்தவற்றுக்கும் அளவாக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். இந்த இரண்டாம் பாதி நடைமுறையில் மறக்கப்பட்டுவிட்டது என்பது என் வருத்தம். தன் தொகுதி ஏரியைப் பாதிக்கிற ஒரு மசோதாவில் உறுப்பினர் மனசாட்சிப்படி வாக்களிக்க முடியாமல் போவது அந்த மறதியால்தான்.

கொறடாவின் அன்றாட வேலையில் சாட்டை எங்கும் இல்லை. யார் ஊரில் இருக்கிறார், யார் மருத்துவமனையில் இருக்கிறார், துறைச் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையில் யார் எத்தனை நிமிடம் பேசுவது என்று கணக்கு வைப்பதுதான் வேலை. பேசுவோர் பட்டியல் அவர் கையிலிருந்துதான் பேரவைத் தலைவருக்குப் போகும். கோரம், அதாவது அவை நடக்கக் குறைந்தது இருக்க வேண்டிய உறுப்பினர் எண்ணிக்கை, குறையாமல் பார்ப்பதும் ஆளுங்கட்சிக் கொறடாவின் கவலை. அரசியலமைப்பின்படி 10 பேர் அல்லது மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கு, இதில் எது கூடுதலோ அது; 234 பேர் கொண்ட தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைக்கு 24 பேர். மதிய உணவுக்குப் பிறகு, எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்த நேரத்தில், அந்த 24 பேர் இருக்கிறார்களா என்று வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டுகிறவர் அவர்தான். மானியத்தைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானத்தில் யாரும் எதிர்பாராமல் எண்ணும் வாக்கெடுப்புக் கேட்டால், கதவு சாத்துவதற்குள் தன் ஆட்கள் இருக்கையில் இருந்தாக வேண்டும். மானியக் கோரிக்கையில் தோற்றால் அரசே நம்பிக்கை இழந்ததாகிவிடும்.

உத்தரவு எங்கே பிசகுகிறது? முதலாவது, போட்டவருக்கு அதிகாரம் இருந்ததா என்ற கேள்வி. கட்சி உடையும்போது இரண்டு அணியும் ஆளுக்கொரு கொறடாவை அறிவிக்கும். 2022-இல் மகாராஷ்டிரத்தில் சிவசேனை உடைந்தபோது ஒரு பக்கம் சுனில் பிரபு, மறுபக்கம் பரத் கோகாவலே. கொறடாவை நியமிப்பது அரசியல் கட்சிதான், அதன் சட்டமன்றக் குழு அன்று என்று 2023 மே 11-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. கோகாவலேயைப் பேரவைத் தலைவர் ஏற்றதும் செல்லாது என்றானது. இரண்டாவது, உத்தரவு கைக்குச் சேர்ந்ததா என்பது. கையொப்பம் பெற்று நேரில் கொடுத்த தாள்தான் உறுதியான சான்று. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இருப்பது பின்னால் வழக்கில் காலை வாரிவிடும். மூன்றாவது, வாசகம். ‘அவையில் இருக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதியிருந்தால், வந்து உட்கார்ந்து மாற்றி வாக்களித்தவர் எதை மீறினார் என்று கேட்க இடமுண்டு. எந்த நாள், எந்தத் தீர்மானம், ஆதரவா எதிர்ப்பா, மீறினால் எந்தப் பத்தியின் கீழ் நடவடிக்கை என்ற நான்கும் உத்தரவில் இருக்க வேண்டும்.

இனி நல்ல தமிழ்ச்சொல். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். இந்தியில் ‘சசேதக்’, கன்னடத்தில் ‘சசேதக’: விழிப்பூட்டுகிறவர் என்று பொருள். கோரடாவை நமக்குத் தந்த மராத்தியில் இந்தப் பொறுப்புக்குப் பெயர் ‘பிரதோத்’, தாற்றுக்கோலைக் குறிக்கும் வடமொழிச் சொல். மலையாளத்தில் ‘சீஃப் விப்’ அப்படியே. இலங்கை நாடாளுமன்றத்தின் தமிழ் ஆவணங்களில் ‘முதற்கோலாசான்’ என்று வைத்திருக்கிறார்கள்; ‘அரசாங்கக் கட்சியின் முதற்கோலாசான்’, ‘எதிர்க்கட்சியின் முதற்கோலாசான்’ என்று வரும். அங்குள்ள நாளிதழ்கள் ‘பிரதம கொறடா’ என்றும் எழுதுகின்றன.

கோலாசான் என்பதில் எனக்கு மிகுந்த பற்று. கோல் இருப்பதால் மூலச்சொல்லின் சாட்டை தங்குகிறது. ஆசான் வந்ததால் நாயை விரட்டும் சாயல் போய், வகுப்பை ஒழுங்கில் வைக்கும் ஒருவர் கண்முன் நிற்கிறார். சாட்டை, சாட்டையர் என்றெல்லாம் புதிதாகச் செய்வதைவிட ஈழத்தமிழர் ஏற்கெனவே ஆவணத்தில் புழங்கும் இதை எடுத்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டு அரசு ஆணைகளில் ‘அரசு தலைமைக் கொறடா’ என்பது பதவிப் பெயராகவே இருப்பதால், அதிகாரபூர்வமாக மாறும்வரை பதவியைக் குறிக்கக் கொறடா என்றே எழுத வேண்டும். ஆணையைக் குறிக்கும் இடத்தில் இன்றே மாற்றிக்கொள்ளலாம். சட்டம் சொல்வது கட்சியின் பணிப்பைத்தான். ஆகவே ‘கட்சிப் பணிப்பு’ அல்லது ‘கட்சி ஆணை’ என்றால் பொருள் துல்லியமாக நிற்கும். “கொறடா வழியாகக் கொடுக்கப்பட்ட கட்சி ஆணையை மீறி அவர் எதிர்த்து வாக்களித்தார்” என்று எழுதிப் பாருங்கள். யார் கொடுத்தது, யாருடைய ஆணை, எதை மீறினார் என்ற மூன்றும் ஒரே வரியில் விளங்கும். பன்மையில் கொறடாக்கள், வேற்றுமை ஏறும்போது கொறடாவை, கொறடாவுக்கு, கொறடாவின். முன்னால் கட்சி வந்தால் ஒற்று மிகும்: கட்சிக் கொறடா.