மெத்தை நனைகிறது, ஓட்டை எங்கே?

கொச்சிக் காயலில் கட்டிக் கிடந்த நண்பரின் மோட்டார் படகைப் பார்க்க ஒரு ஜூன் மாதம் போயிருந்தேன். 26 அடி நீளம், ஃபைபரில் செய்தது, முப்பது வயதைத் தாண்டியது. கேபினில் இடதுபக்கப் படுக்கையின் மெத்தையைக் கையால் அழுத்தினால் தண்ணீர் பொங்கி வந்தது. படுக்கைக்கு நேர் மேலே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலைச் சுற்றி மூன்று மழைக்காலமாக சிலிக்கான் பூசிக்கொண்டே இருந்திருக்கிறார். விரல் தடிமனுக்குச் சேர்ந்திருந்தது. மெத்தை மட்டும் காயவே இல்லை.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3000 மி.மீ. பெய்கிறது. 10 சதுர மீட்டர் மேல்தளம் உள்ள படகின் மேல் ஆண்டுக்கு 30,000 லிட்டர் விழுகிறது என்று ஆகிறது. அதில் நூறில் ஒரு பங்கு உள்ளே இறங்கினாலே 300 லிட்டர். கடல் தண்ணீரை விட இந்த மழைத் தண்ணீர்தான் படகுக்குள் இருக்கும் மரத்துக்குப் பெரிய எதிரி. உப்பு, மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சையை ஓரளவு அடக்கி வைக்கும். நல்ல தண்ணீரில் அந்தத் தடை இல்லை.

உள்ளே இருப்பது மழைத் தண்ணீர்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கடலோரமாக இருந்தால் நாக்கில் ஒரு சொட்டு வைத்தாலே தெரிந்துவிடும். காயலில் அது நடக்காது, மழைக்காலத்தில் ஆறுகள் வந்து கொட்டுவதால் காயல் தண்ணீரே உப்பிழந்து போயிருக்கும். அதனால் படகின் அடிவயிற்றைத் துடைத்து உலர்த்திவிட்டு, மழையில்லாத இரண்டு நாள் பார்த்தோம். ஈரம் ஏறவில்லை. குடிநீர்த் தொட்டியில் உணவுக்குப் போடும் சாயத்தைக் கலந்து பார்த்தோம், அதுவும் எங்கும் தலைகாட்டவில்லை. சரி, மழைதான்.

தண்ணீர் சொட்டுகிற இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்று நாம் எல்லோரும் நம்பிவிடுகிறோம். படகில் அந்த நம்பிக்கை காலை வாரிவிடும். மேல்தளத்துக்கும் கேபினின் உள்கூரைக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு. ஓட்டை வழியே இறங்கும் தண்ணீர் உடனே சொட்டுவதில்லை. பரப்பு இழுவிசையால் தளத்தின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு, ஒயரைப் பிடித்து, மூட்டு மூட்டாக நகர்ந்து, தாழ்வான ஒரு இடம் கிடைத்த பிறகுதான் விழும். பழைய மோட்டார் படகுகளில் எஞ்சின் எடையால் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும். ஆகவே ஓட்டை பெரும்பாலும் சொட்டுகிற இடத்துக்கு முன்னால், அதாவது படகின் முன்முனையான அணியத்துப் பக்கம் இருக்கும்.

தண்ணீர் கீழே மட்டும்தான் போகும் என்பதும் முழு உண்மையில்லை. இரண்டு தட்டுகளுக்கு நடுவே 0.1 மி.மீ. இடுக்கு இருந்து, இரண்டும் தண்ணீர் நன்றாக ஒட்டும் பரப்புகளாக இருந்தால், தண்ணீர் அதில் ஏறக்குறைய 14 செ.மீ. உயரம் தானாகவே ஏறும். ஒரு தலைமுடியின் தடிமனை ஒத்த இடுக்கு அது. காற்றோடு மழை அடித்தால் இன்னும் கொஞ்சம். மணிக்கு 72 கி.மீ. காற்று, சுமார் 2.4 செ.மீ. உயரத் தண்ணீருக்குச் சமமான அழுத்தத்தோடு நேர் எதிர்ப் பரப்பை மோதுகிறது.

ஹோஸை எடுத்து படகு முழுவதையும் ஒரேயடியாக நனைத்தால் எதுவும் புரியாது. கீழிருந்து தொடங்க வேண்டும். ஜன்னலின் கீழ்விளிம்பில் மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாகத் தண்ணீர் விட்டோம், உள்ளே ஒருவர் டார்ச்சோடு படுத்திருந்தார். பிறகு பக்கங்கள், அப்புறம் மேல்விளிம்பு. மேலிருந்து தொடங்கினால் வழிகிற தண்ணீர் கீழே உள்ள எல்லாவற்றையும் நனைத்து, எது குற்றவாளி என்றே தெரியாமல் செய்துவிடும். ஜன்னலில் ஒரு சொட்டும் வரவில்லை. கேபினை மூடி, ப்ளோயரால் உள்ளே காற்றைத் தள்ளி, வெளியே சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பார்க்கும் வழியும் உண்டு. எங்களிடம் ப்ளோயர் இல்லை.

பிறகு மேல்தளத்தில் பதித்திருந்த கைப்பிடிக் கம்பிகளுக்குப் போனோம். ஒவ்வொரு கம்பியின் அடித்தட்டைச் சுற்றியும் களிமண்ணால் சின்ன வரப்புக் கட்டி, உள்ளே சிவப்புச் சாயத் தண்ணீர் ஊற்றினோம். ஒவ்வொன்றுக்கும் அரைமணி. அணியத்திலிருந்து மூன்றாவது கம்பியில் தண்ணீர் மட்டம் மெல்லக் குறைந்தது. இருபது நிமிடம் கழித்து உள்கூரையின் ஒரு தையல் ஓரம் இளஞ்சிவப்பாக மாறி, ஒயரோடு நகர்ந்து, ஜன்னல் சட்டத்தின் மேல் தேங்கி, மெத்தையில் விழுந்தது. கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே ஒன்றரை மீட்டர்.

அந்த இடம் ஏன் விட்டுக்கொடுத்தது? ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லோரும் அந்தக் கம்பியைப் பிடித்துத்தான் இழுக்கிறார்கள். நெம்புகோல் போல அடித்தட்டு ஒரு இழை அசைகிறது. புதிதாக இருந்தபோது ரப்பர் போல வளைந்துகொடுத்த பூச்சு, வெயிலில் இறுகி, ஒருபக்கம் விட்டுப்போகிறது. இன்னொரு காரணம் எனக்கு வியப்பாகவே இருந்தது. கம்பி உள்ளே பொள்ளல். வெயிலில் 55 டிகிரிக்குக் காய்ந்த குழாய் திடீர் மழையில் 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் சுமார் 9 சதவீதம் குறையும். குழாய்க்குக் காற்று வர வேறு வழியே இல்லையென்றால் அது 90 செ.மீ. தண்ணீரை இழுக்கப் போதுமான விசை. மழை பெய்கிற அதே நேரத்தில் குழாய் தண்ணீரை உறிஞ்சுகிறது.

மரப்படகு என்றால் கலப்பத்து அடித்த, அதாவது இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைத்த பலகைகள் தண்ணீரில் ஊறி உப்பி, இடுக்கைத் தாங்களே கொஞ்சம் இறுக்கிக்கொள்ளும். ஃபைபர் உப்பாது. அதோடு, பல படகுகளின் மேல்தளத்தில் இரண்டு ஃபைபர் தட்டுகளுக்கு நடுவே பால்சா என்ற மிக லேசான மரம் வைத்திருப்பார்கள். ஒரு நாணயத்தால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனோம். நல்ல இடம் டக் டக் என்றது. மூன்றாவது கம்பியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சத்தம் மந்தமாக, ஈரத் துணியைத் தட்டியது போல் இருந்தது.

மேலே இன்னொரு பூச்சு பூசுவது இதற்கு மருந்தே இல்லை. கம்பியைக் கழற்றி, ஊறிய பால்சாவைச் சுரண்டி, நாள்கணக்கில் உலரவிட்டு, அந்தக் குழியை எபாக்ஸி என்ற இறுகும் பிசினால் நிரப்பி, அது இறுகிய பிறகு நடுவில் புதிய துளை போட்டோம். இனி தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. துளையின் மேல்விளிம்பைச் சற்றுச் சரிவாகச் செதுக்கி, பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் பட்டையை போல்ட்டைச் சுற்றிக் கட்டி இறக்கினோம். போல்ட்டைத் திருகக் கூடாது, அது அசையாமல் நிற்க, கீழேயிருந்து நட்டை மட்டும் இரண்டு மூன்று நாளாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். சிலிக்கானை இந்த வேலைக்கு நான் சொல்ல மாட்டேன். அது விட்டுச்செல்லும் படலத்தின் மேல் பிறகு வேறு எதுவும் ஒட்டாது.

அடுத்த மழைக்கு நண்பர் படுக்கையில் மெத்தைக்குப் பதில் செய்தித்தாள் விரித்து வைத்தார். மூன்று நாள் மழையில் தாள் மொடமொடவென்று இருந்தது. ஆனால் ஜன்னலின் ஒரு மூலையில், நாணயம் அளவுக்கு ஒரு ஈர வட்டம். 60 செ.மீ. அக்ரிலிக் ஜன்னல் 40 டிகிரி வெப்ப மாற்றத்தில், சுற்றியுள்ள ஃபைபரை விட 1 மி.மீ. அதிகம் நீண்டு சுருங்கும். மூன்று வருட சிலிக்கான் அந்த மூலையில் கிழிந்திருந்தது. ஹோஸை எடுத்துக்கொண்டு மறுபடியும் கீழ்விளிம்பிலிருந்து தொடங்கினோம்.